நாற்பது வாட்ஸ்

எங்கள் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தின் மரப் பீரோவில், கீழ்த்தட்டில், கறுப்பு ரெக்சின் ஒட்டிய ஒரு பெட்டி வருஷக்கணக்காகக் கிடந்தது. கிடார் ஆம்ப்ளிபயர். 40 வாட்ஸ். வாங்கிய விலை 8,500 ரூபாய். ஸ்டாக் ரெஜிஸ்டரில் அதற்கு நேரே ஒவ்வொரு வருஷமும் ‘நல்ல நிலையில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். எழுதியது பொய் இல்லை. பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. மேடையில் அது ஓடியது ஒரே ஒரு மாலை, ஐந்து நிமிஷத்துக்கும் குறைவாகத்தான். அந்த ஐந்து நிமிஷத்தில் நடந்த தவறுக்கு ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை மேல் பழியைப் போட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில், டவுன் பஸ் போய்த் திரும்புகிற தூரத்தில் இருக்கிறது. பள்ளி மைதானத்தில் நின்றால் சிறுமலை முழுசாகத் தெரியும். மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பாட்டு முறையாகப் படித்ததில்லை. கோடை பண்பலை 100.5 கேட்டுப் பழகிய காது, அவ்வளவுதான். ஆனாலும் ஆண்டு விழா என்றால் கலை நிகழ்ச்சிப் பொறுப்பு என்னிடம் வந்துவிடும். நானும் அதை விரும்பித்தான் வாங்கிக்கொள்வேன்.

2019 ஜனவரியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பையில் வைத்து ஒரு யுகுலேலே கொண்டு வந்தாள். அவளுடைய சித்தப்பா சென்னையிலிருந்து வாங்கி வந்தது. அவள் அப்பாவுக்கு டவுனில் பூட்டுப் பட்டறையில் வேலை. அந்த வருஷம்தான் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. லீவரை அரத்தால் ராவி ராவி அவர் விரல் நுனியில் ரேகையே மங்கிப்போயிருக்கும். பிள்ளைக்கும் அதே நீண்ட விரல்கள்.

யுகுலேலே என்பது இரண்டடி நீளம்கூட வராத சின்னக் கருவி. நான்கு நைலான் தந்திகள். பார்க்கிறவர்கள் பொம்மைக் கிடார் என்பார்கள். 1879இல் போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பலில் ஹவாய்க்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன குடும்பங்களோடு ஒரு சின்னத் தந்திக் கருவியும் போயிற்று. அவர்களில் இருந்த தச்சர்கள் அங்கே கிடைத்த மரத்தில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். அது மாறி வந்ததுதான் இது. ‘தாவும் தெள்ளுப்பூச்சி’ என்று அந்த ஊர்ப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். வாசிக்கிற விரல்களைப் பார்த்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று புரியும்.

அவள் வகுப்பில் வாசித்துக் காட்டினாள். இடது கையில் மட்டும் நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். மேலே இருக்கிற தந்தியில் நடுவிரல் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதை எடுக்காமலே ஆள்காட்டி விரல் பக்கத்தில் இன்னொரு தந்தியில் வந்து உட்கார, பாட்டின் நிறமே மாறியது. ஏ மைனரிலிருந்து எஃப் மேஜருக்குப் போவது என்று பிறகு தெரிந்துகொண்டேன். பாரதியார் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே வாசித்தாள். நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் மூச்சுவிடும் சத்தம் இல்லை. இதை ஆண்டு விழாவில் வைத்தே ஆக வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். அதுவரை நான் செய்தது சரி.

வகுப்பறையில் கடைசி பெஞ்சு வரை கேட்ட அந்த ஒலி, மைதானத்தில் மூன்றாவது வரிசைக்குக்கூடப் போகாது. ஆம்ப்ளிபயர் வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் பேசினேன். “மாண்டலின் ஸ்ரீனிவாஸ் ஆம்ப்ளிபயர் வைத்துத்தானே சார் உலகம் பூராவும் வாசித்தார்? இதுவும் அந்த மாதிரிதான்” என்றேன். ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் கொடுத்ததில் 9,000 ரூபாய் சேர்ந்தது. அதில் பெரும்பங்கு அம்பதும் நூறுமாக வந்த பணம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒரு பழைய மாணவன் 200 ரூபாய் கொடுத்தான்.

அப்போது நான் யாரிடம் கேட்டிருக்க வேண்டும்? எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி மைக் செட்காரர் ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சுற்றுப்பட்டில் காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை எல்லாவற்றுக்கும் அவர் செட்தான். பள்ளி விழாவுக்கும் அவர்தான் வருவார். குழாய் இரண்டு, பெட்டி இரண்டு, மிக்சர் ஒன்று. மைதானம் முழுக்கச் சத்தத்தைக் கொண்டுபோக அதுவே போதும். அப்படியிருக்க, எனக்கு ஆம்ப்ளிபயரே தேவைப்பட்டிருக்காது. சின்னக் கருவியின் ஒலியை ஒழுங்காக அவருடைய மிக்சருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் மட்டும் போதும். இந்த ஒன்றைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். நான் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ். அவரைப் போய் ஒலியைப் பற்றிக் கேட்பதா என்ற நினைப்பு. அப்போது அதை நினைப்பு என்றுகூட நான் உணரவில்லை. கேட்க வேண்டிய ஆள் என்ற வரிசையில் அவர் என் மனசில் வரவே இல்லை. வயதில் மூத்தவரை ‘வாய்யா, போய்யா’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இதையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மதுரைக்குப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறுபத்தைந்து கிலோமீட்டர், தனியாக. கருவியைக் கொண்டு போகவில்லை. வாசிக்கிறவளையும் அவள் அப்பாவையும் கூட்டிப் போகவில்லை. கடையில் இருந்த பையன் கேட்டான்: “எதுக்கு சார்? எலக்ட்ரிக் கிடாருக்கா, அக்கூஸ்டிக்குக்கா?”

“யுகுலேலே. கிடார் மாதிரிதான்பா.”

“பிக்கப் இருக்கா சார் அதுல? பேட்டரி போடுறதா, ஒட்டுறதா?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் இல்லை. “இருக்கு, இருக்கு” என்றேன். அவன் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினான். அக்கூஸ்டிக் கருவிகளுக்கென்றே உள்ளது, 15 வாட்ஸ், மைக் சொருகவும் தனி ஓட்டை. என் பார்வை பக்கத்தில் இருந்த பெரிய பெட்டிக்குப் போய்விட்டது. பத்து இஞ்ச் ஸ்பீக்கர், வரிசையாகத் திருகு குமிழ்கள், முன்னால் கம்பி வலை. விலையில் ஆயிரத்துச் சொச்சம்தான் அதிகம். “15 வாட்ஸ் மைதானத்துக்குப் பத்துமாப்பா? 40 வாட்ஸையே கொடு” என்றேன். அந்தப் பையன் இரண்டாம் முறையும் சொன்னான், “அது எலக்ட்ரிக்குக்கு சார்.” நான் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். கடை மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

பிப்ரவரியில் ஆண்டு விழா. அதற்குள் அவளுடைய சித்தப்பாவைவிட்டு ஒட்டுகிற பிக்கப் ஒன்றை வரவழைத்திருந்தோம். காசு அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு, அதிலிருந்து ஒரு வயர். கருவியின் முகப்பலகையில் ஒட்டிவிட வேண்டும். மைதானத்தில் வைத்து ஒரு தடவைகூட வாசித்துப் பார்க்கவில்லை. ஆய்வகத்தில் மெதுவாக வைத்துக் கேட்டதோடு சரி. அவளே கேட்டாள், “சார், ஒரு தடவை கிரவுண்டுல வாசிச்சுப் பாத்துக்கிடவா?” நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது. நாடக ஒத்திகையில் இருந்தேன்.

விழா அன்று அவள் சின்னாளபட்டிச் சுங்குடியில் தைத்த பாவாடை தாவணி கட்டி வந்தாள். அவள் அப்பா பட்டறையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து வேப்பமரத்தடியில் நின்றார். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடை. அவள் உட்கார்ந்த நாற்காலிக்குப் பின்னால் நானே என் கையால் அந்தப் பெட்டியைத் தூக்கி வைத்தேன். ஸ்பீக்கர் அவள் முதுகைப் பார்த்து இருந்தது. அப்போதுதானே அவளுக்கும் கேட்கும், கூட்டத்துக்கும் கேட்கும் என்று நினைத்தேன்.

முதல் தட்டிலேயே ‘ஊ’ என்று ஒரு ஊளை எழுந்தது. மைக் செட்காரர்கள் ‘கூவுது’ என்பார்கள். குமிழைக் குறைத்தேன், ஊளை நின்றது, பாட்டும் கேட்கவில்லை. கூட்டினேன், மறுபடி ஊளை. அவள் முழங்கை கருவியில் உரசும்போதெல்லாம் டொக் டொக் என்று இடித்தது. அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வயரைப் பிடுங்கி, மேடை ஓரத்தில் இருந்த மிக்சரின் லைன் ஓட்டையில் நானே சொருகினேன். இப்போது ஊளை இல்லை. ஆனால் வந்த ஒலி தகர டப்பாவைக் குச்சியால் தட்டுவது போல இருந்தது. பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள்.

மைக் செட்காரர் என் பக்கத்தில் வந்து, “சார், பாப்பாவுக்கு முன்னால ஒரு மைக்கைத் தாழ வச்சுவிடட்டுமா? அது போதும்” என்றார். “நீ சும்மா இருய்யா, எனக்குத் தெரியும்” என்றேன். அதோடு விடவில்லை. அறிவிப்பு மைக் என் கையில் இருந்தது. அது ஆனில் இருப்பது தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்:

“என்னம்மா, கையை ஒழுங்கா வச்சு வாசிக்கத் தெரியாதா? உன் கையே சரியில்ல. போ, அடுத்த புரோகிராம்.”

அன்று சாயங்காலம் இரண்டு குழாயிலும் துல்லியமாக ஊர் முழுக்கக் கேட்டது இந்த வாக்கியம்தான். அவள் அழவில்லை. ஒட்டியிருந்த தகட்டை நகத்தால் நெம்பி எடுத்து, வயரைச் சுற்றி, என் பக்கத்தில் மேஜை மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். வேப்பமரத்தடியில் அவள் அப்பா கருவியை வாங்கித் தன் துண்டில் சுற்றிக்கொண்டார். இருவரும் கேட்டைத் தாண்டிப் போகிற வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு அந்தக் கருவியைக் கொண்டு வரவே இல்லை. அடுத்த வருஷம் கொரோனா. பத்தாம் வகுப்பு முடிந்ததும் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

எனக்கு உண்மை தெரிய வந்தது ஒரு கோயில் கொடையில். பொதுமுடக்கம் எல்லாம் முடிந்து வந்த முதல் பெரிய திருவிழா. நையாண்டி மேளம். நாதஸ்வரம், தவில், பம்பை எல்லாம் ஒரே மேடையில், நடுவில் உடுக்கை அடித்து ஒருவர் கதை சொன்னார். அத்தனை முழக்கத்துக்கு நடுவே அந்தச் சின்ன உடுக்கையின் ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்டது. ஒரு ஊளை இல்லை. மிக்சருக்குப் பின்னால் அவர்தான் உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்துப் பெட்டி மேல் உட்கார்ந்தேன். அன்றுதான் முதல்முதலாக அவரை ‘அண்ணே’ என்றேன். அந்த ஆண்டு விழாவில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். மூன்று வருஷத்துக்கு முந்தின விஷயம். அவர் மறக்கவில்லை.

“சத்தத்தைக் கூட்டுறது பெரிய வேலை இல்ல சார். கூவாம கூட்டணும், அதான் வேலை. நீங்க பெட்டியப் பாப்பா முதுகுக்குப் பின்னால வச்சிட்டீங்க. பாப்பா கையில இருந்ததும் மரம், உள்ளே வெறும் காத்து. பெட்டிச் சத்தம் அதுல போய் அடிக்கும், அது மறுபடி வயர்ல ஏறி இங்கனயே வரும். பாப்பா மேல தப்பில்ல. நல்லா வாசிச்சுச்சு. நான் பக்கத்துல நின்னேன்ல, கேட்டுச்சு.”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த மாதமே 2,300 ரூபாய்க்கு ஒரு யுகுலேலே வாங்கினேன். ஆய்வகப் பீரோவிலிருந்து பெட்டியையும் அவள் விட்டுப்போன அந்தத் தகட்டையும் எடுத்தேன். இயற்பியல் எடுக்கிறவன் அன்றே செய்திருக்க வேண்டியதைப் பிறகுதான் செய்தேன்.

முதலில் ஸ்ரீனிவாஸ். அவர் கையில் இருந்தது உள்ளே கூடு இல்லாத, கட்டையான எலக்ட்ரிக் மாண்டலின். இரட்டை இரட்டையாக வருகிற தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளோடு வாசித்தார். தந்தி இரும்பு. இரும்புத் தந்தி காந்தத்தின் மேல் அதிர்ந்தால் கீழே இருக்கிற கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். ஃபாரடே 1831இல் கண்டது, நான் வருஷம் தவறாமல் கரும்பலகையில் எழுதுவது. நைலான் தந்தியைக் காந்தத்துக்குத் தெரியவே தெரியாது. கட்டையான கருவிக்கு உள்ளே காற்று இல்லாததால் அது சீக்கிரம் கூவவும் செய்யாது. நான் தலைமை ஆசிரியரிடம் சொன்ன உதாரணம் ஒவ்வொரு அம்சத்திலும் யுகுலேலேக்கு எதிரானது.

நைலான் தந்திக் கருவிக்குப் பொருந்துவது பீசோ. அழுத்தினால் மின்னழுத்தம் தருகிற படிகங்களை கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பித்தளைத் தகட்டின் மேல் வெள்ளையாக இருப்பது அந்த வகைப் பொருள்தான். மின்சுற்றில் அது ஒரு சின்ன மின்தேக்கி போல நடந்துகொள்ளும். என் மீட்டரில் அளந்தேன், ஏறக்குறைய 20 நானோஃபாரட். மிக்சரின் லைன் ஓட்டையின் மின் எதிர்ப்பு ஏறக்குறைய 10 கிலோ ஓம். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் 800 ஹெர்ட்ஸ் வருகிறது. அதற்குக் கீழே உள்ள ஒலியெல்லாம் போகப்போகத் தேய்ந்துவிடும். யுகுலேலேயின் நான்கு தந்திகளும் விரல் வைக்காமல் ஒலிப்பது 262 முதல் 440 ஹெர்ட்ஸ் வரை. ஆக, அந்தப் பிள்ளை வாசித்த சுரங்களின் அடித்தளத்தில் பெரும்பகுதியை நான் சொருகிய ஓட்டை தின்றுவிட்டது. மேலே மிஞ்சிய கீச்சொலிதான் தகர டப்பாவாகக் கேட்டது. அதே தகட்டை ஒரு மெகா ஓம் உள்ள இன்புட்டில் சொருகினால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், ஒன்றும் தொலையாது. இது பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு. நான் பாடம் நடத்தி, பரீட்சை வைத்து, மார்க் போடுகிற கணக்கு.

அடுத்தது வாட்ஸ். 15க்கும் 40க்கும் உள்ள வித்தியாசம் நாலேகால் டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். ஆயிரத்துச் சொச்சம் அதிகம் கொடுத்து நான் வாங்கியது, காதுக்கு ஒன்றரை மடங்குகூட எட்டாத சத்தத்தை. எலக்ட்ரிக் கிடாருக்கென்று செய்த பெட்டி வேறு. அதன் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெகுவாகக் குறைந்துவிடும். நடுப்பகுதி ஒலியைத் தாழ்த்தி, கீழையும் மேலையும் தூக்கிக் கொடுப்பது பொதுவாக அந்த வகைப் பெட்டிகளின் இயல்பு. இரும்புத் தந்திக்கு அது அழகு. யுகுலேலேக்கு உயிரே நடுப்பகுதியில் இருக்கிறது, மினுமினுப்பு மேலே இருக்கிறது. இரண்டையும் இழந்த ஒலியைத்தான் என்னால் அந்தப் பெட்டியிலிருந்து எடுக்க முடிந்தது, ஆய்வகத்தில் எத்தனை குமிழைத் திருப்பியும்.

மூன்றாம் நாள் அந்த அண்ணனையே வீட்டுக்குக் கூப்பிட்டேன். சாதாரண மைக் ஒன்றைத் தாழ்ந்த ஸ்டாண்டில் வைத்தார். கழுத்து உடம்போடு சேருகிற இடத்தைப் பார்த்து, ஒரு சாண் தள்ளி. தன் மைக் செட் பெட்டியை எனக்கு முன்னால், கேட்கிறவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். எனக்குத் தெரிந்தது இரண்டே கார்டு. வாசித்தேன். வகுப்பறையில் அன்று கேட்ட அதே ஒலி. மைக் விலை 1,200 ரூபாய். என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். அவர் மைக்கைக் கழற்றிக்கொண்டே சொன்னார், “இதத்தான் சார் அன்னிக்குச் சொன்னேன்.” குரலில் கோபம் இல்லை.

நான் வீணாக்கியது ஊர்ப் பணம். உங்கள் பிள்ளைக்கு வாங்கப் போகிறீர்கள் என்றால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதலில் கருவியைப் பாருங்கள். வயர் சொருகும் ஓட்டை இல்லாத யுகுலேலே என்றால் ஆம்ப்ளிபயரைத் தேடாதீர்கள், ஒரு மைக் வாங்குங்கள். வீட்டிலோ தெருவிலோ ட்ராலி ஸ்பீக்கர் ஒன்று இருக்கும், அதிலேயே சொருகலாம். அந்த ட்ராலி ஸ்பீக்கரின் மைக் ஓட்டையில் ஒட்டுகிற தகட்டை மட்டும் நேராகச் சொருகாதீர்கள், எனக்கு வந்த தகர ஒலிதான் உங்களுக்கும் வரும். ப்ளூடூத்தில் அனுப்பினால் விரல் தந்தியில் பட்ட பிறகு ஒலி தாமதித்து வரும், வாசிக்கவே முடியாது. பேட்டரி போடுகிற பிக்கப் உள்ள கருவி என்றால் தொல்லை பாதி தீர்ந்தது, உள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கிறது, எதில் சொருகினாலும் ஒலி மெலியாது. வாசித்து முடித்ததும் வயரைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாசிக்காத நேரத்திலும் பேட்டரி வீணாகத் தீர்ந்துகொண்டே இருக்கும். பேட்டரி இல்லாத பீசோ என்றால் ஒரு மெகா ஓமோ அதற்கு மேலோ இன்புட் உள்ளதா என்று கடையில் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

ஆம்ப்ளிபயர்தான் வேண்டும் என்றால் அக்கூஸ்டிக்குக்கு என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். பெரிய ஸ்பீக்கரோடு சின்ன ட்வீட்டரும் இருக்க வேண்டும், மைக்குக்குத் தனி இன்புட் இருந்தால் பாடிக்கொண்டே வாசிக்கலாம். வீட்டுக்கும் வகுப்பறைக்கும் 15, 20 வாட்ஸ் தாராளம். மைதானத்தை நிரப்புவது மைக் செட்டின் வேலை, அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து அதற்கு ஒரு வயர் போனால் போதும். எங்கள் பக்கம் கரண்ட் போகிற நேரம் தெரியாது, சார்ஜ் ஏற்றுகிற வகை கிடைத்தால் நல்லது. கூவினால் குறிப்பிட்ட ஒரு சுரத்தை மட்டும் வெட்டுகிற நாட்ச் குமிழ் சில பெட்டிகளில் இருக்கும். அதைத் தேடுவதற்கு முன்னால் பெட்டியைப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைக்குக் கருவியையும் வாசிக்கிற பிள்ளையையும் கூட்டிப் போங்கள். அவள் வாசிக்கட்டும், நீங்கள் பத்தடி தள்ளி நின்று கேளுங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் செய்த இரண்டாவது தவறு இருக்கிறது. அதைச் சொல்வது முதலாவதைவிடக் கஷ்டம்.

2023இல் ஒரு நாள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவள் அப்பாவைப் பார்த்தேன். கையில் டிபன் கேரியர், சட்டைப் பையில் சின்ன அரம். என்னைக் கண்டதும் மரியாதையாகப் பீடியைக் கீழே போட்டார். பிள்ளை கல்லூரியில் நர்சிங் சேர்ந்திருப்பதைச் சொன்னார். “இப்பவும் வாசிக்குதா?” என்று கேட்டேன்.

“அது பரண்ல கெடக்கு சார். கை சரியா வரலன்னு விட்டுருச்சு.”

என் வாக்கியம். நான்கு வருஷம் கழித்து அவர் வாயிலிருந்து அப்படியே வந்தது. எனக்கு அதற்கு முந்தின வருஷமே உண்மை முழுக்கத் தெரியும். கணக்குப் போட்டு, வாசித்துப் பார்த்து, சாட்சியும் வைத்திருந்தேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். நத்தம் பஸ் புறப்பட இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. நான் சொன்னது: “விடாம பழகச் சொல்லுங்க, வந்துரும்.”

பழகினால் வந்துவிடுமாம். வராதது அவள் கையில் என்பதை அவள் அப்பாவிடம் இன்னொரு தடவை உறுதி செய்துவிட்டு பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மலைக்கோட்டை கண்ணுக்கு மறைகிற வரை, இறங்கிப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இறங்கவில்லை. ஆசிரியர் வேலையில் எத்தனையோ பிள்ளைகளிடம் ‘தப்பை ஒத்துக்கொள்’ என்று சொல்லியிருக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் என்னால் அது முடியவில்லை.

இந்த வருஷம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பையன் புல்லாங்குழல் கொண்டு வந்தான். ஆண்டு விழாவில் வாசிக்கலாமா சார் என்று கேட்டான். அவன் விரல்களைப் பார்த்தேன், பயம் வந்தது. அவன் மேல் இல்லை, என் மேல். அன்று சாயங்காலமே ரெஜிஸ்டரை எடுத்து அந்த வரிக்கு நேரே ‘தவறாகத் தேர்வு செய்து வாங்கப்பட்டது’ என்று எழுதினேன். 8,500 ரூபாயை என் சம்பளத்திலிருந்து பழைய மாணவர் நிதியில் கட்டிவிட்டேன். பெட்டி என் வீட்டுக்கு வந்துவிட்டது. நம் பக்கத்தில் எலக்ட்ரிக் கிடார் வாசிக்கிற, பெட்டி வாங்க வசதி இல்லாத பிள்ளை யாராவது இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். அந்தக் கருவிக்கு அது நல்ல பெட்டி.

அவள் வீட்டுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அன்று நான் பேசியது அவளிடம் மட்டும் இல்லை. குழாயில் ஊருக்கே கேட்டது. அதனால்தான் அச்சில் எழுதுகிறேன்.

2019 பிப்ரவரியில் அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தப் பிள்ளை சரியாகத்தான் வாசித்தாள். ஸ்பீக்கரை அவள் முதுகுக்குப் பின்னால் வைத்தவன் நான்.